கப்பலுக்கும் ரயிலுக்கும் நடுவே

யூஜீனிலிருந்து வடக்கே வரும் ரயில், போர்ட்லாண்டின் கிழக்குக் கரைத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் வேகத்தை இழக்கிறது. இருபுறமும் கிடங்குகள், பட்டறைகள், சுவரெழுத்து கிறுக்கிய மதில்கள். ஊரின் உயரமான கட்டடங்கள் எல்லாம் வில்லாமெட் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிகின்றன. ஓரிடத்தில் வண்டி நடைவேகத்துக்கு இறங்கி, கடுமையாக இடப்பக்கம் திரும்பி, கருத்த எஃகுச் சட்டங்களுக்குள் புகுந்தது. சன்னலுக்கு வெளியே வெகு அருகில் ஒரு பெண், குழந்தை வண்டியொன்றைத் தள்ளிக்கொண்டு போகிறாள். அவளைத் தாண்டி இரண்டு சைக்கிள்கள். அவர்களுக்குக் கீழே ஆறு. எங்கள் தலைக்கு மேலே இன்னொரு தளத்தில் பேருந்தும் காரும் நகர ரயிலும் ஓடிக்கொண்டிருந்தன.

ஸ்டீல் பிரிட்ஜ் என்பதே இந்தப் பாலத்தின் பெயர். அதைப் பார்ப்பதற்காகவே நான் ஒரேகான் மாநிலத்துக்கு வந்தேன்.

என் அண்ணன் மகன் மேற்குப் புறநகரான ஹில்ஸ்பரோவில் இருக்கிறான். இன்டெல் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர். தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. "அத்தை, மவுண்ட் ஹூட் இருக்கு, மல்ட்னோமா அருவி இருக்கு, ஒன்றரை மணி நேரத்துல பசிபிக் கடற்கரை. நீங்க என்னடான்னா பாலத்தைப் பார்க்கணும்கிறீங்க" என்றான். வேலைக்குப் போகும்போது அந்தப் பாலத்தைக் கடக்கிற பிள்ளை அவன். தினம் பார்ப்பதை யாரும் பார்ப்பதில்லை. மறுநாள் காலை அவனையும் கையோடு அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன்.

இந்தப் பாலத்தைப் புரிந்துகொள்ள ரயிலின் ஒரு குணத்தைத் தெரிந்திருந்தால் போதும்: ரயிலால் செங்குத்தான மேடேற முடியாது. கார், பேருந்து எல்லாம் செங்குத்தான சரிவில்கூட ஏறிவிடும். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் ஓடும்போது பிடிமானம் குறைவு. சற்றுச் சரிவு கூடினாலும் ஆயிரக்கணக்கான டன் சரக்கை இழுக்கிற எஞ்சின் திணறிப்போகும். நம்மூரிலேயே இதற்குக் கண்கண்ட சாட்சி உண்டு. பாம்பனில் 1988இல் திறந்த சாலைப் பாலம் வளைந்து உயர்ந்து கப்பலுக்கு இடம் விடுகிறது. பக்கத்திலேயே ரயில் பாலம் கடல் மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கிறது. அதனால்தான் 1914இன் பழைய பாலத்தில் இரண்டு கைகளாகத் திறக்கும் பகுதியை வைத்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதியை அப்படியே செங்குத்தாகத் தூக்குகிறார்கள்.

போர்ட்லாண்டிலும் அதே சிக்கல், அதைவிடக் கூடுதலாக. ரயில் பாதைகள் இரு கரையிலும் ஆற்று மட்டத்துக்கே ஓடுகின்றன. மேற்குக் கரையில் பாலத்தை விட்டிறங்கிய சிறிது தூரத்தில் 1896இல் திறந்த யூனியன் ஸ்டேஷன் நிற்கிறது. உயர்ந்த பாலம் கட்டினால் அந்த ஸ்டேஷனுக்கு இறங்கிவரவே இடம் இல்லை. ஆகவே ரயில் தளம் தாழ்ந்துதான் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் படகுகளுக்கு அடிக்கடி வழி திறந்துகொண்டே இருக்க வேண்டும். அதே பாலத்தின் மாடியில் சாலையும் போகிறது என்றால், ஒரு சின்ன இழுவைப் படகுக்காகச் சாலையில் இருக்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதானா?

இந்தக் கேள்விக்கு 1912இல் கிடைத்த விடையைத்தான் நான் பார்க்க வந்தேன். கீழ்த்தளம் தனியாக எழும்பும். மேல்தளம் அசையாது.

இதற்கு முன்பு இங்கே இருந்தது 1888இல் கட்டிய இரண்டடுக்குப் பாலம். போர்ட்லாண்டில் வில்லாமெட்டைக் கடந்த முதல் ரயில் பாலம் அதுதான். தேனிரும்பில் பாலம் கட்டுவது வழக்கமாக இருந்த காலத்தில் எஃகில் கட்டியதால் ஊரார் ஸ்டீல் பிரிட்ஜ் என்றார்கள்; அடுத்த பாலத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பழையது சுழலும் பாலம். ஆற்றின் நடுவே ஒரு தூணில் உட்கார்ந்து, நடுப்பகுதி கிடைமட்டமாகத் திரும்பி வழி விடும். நடுவில் தூண் நிற்பதால் கப்பலின் வழி இரண்டாகக் குறுகும். திரும்பும்போது மேல்தளமும் கீழ்த்தளமும் சேர்ந்தே துண்டுபட்டுப்போகும். 1889இல் அந்த மேல்தளத்தில் ஊரின் முதல் மின்சாரத் தெருவண்டி கிழக்குக் கரை ஆல்பைனாவுக்கு ஓடத் தொடங்கிவிட்டது. ஆற்றில் கப்பல் கூடியது, கரையில் ஊர் வளர்ந்தது, ஒருவருக்காக மற்றவர் நிற்கிற நேரமும் கூடிக்கொண்டே போனது.

புதிய பாலத்தை வரைந்தது கான்சாஸ் சிட்டியின் வாடெல் அண்ட் ஹாரிங்டன் நிறுவனம். ஜே.ஏ.எல். வாடெல் 1854இல் கனடாவில் பிறந்தவர். இளம் வயதில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பொறியியல் கற்பித்தார். ஜப்பானிய ரயில் பாலங்களை எப்படிக் கட்ட வேண்டும் என்று அங்கிருந்த பிரிட்டிஷ் பொறியாளர்களோடு வெளிப்படையாக மல்லுக்கு நின்று புத்தகமே எழுதினார். பெரிய பாலப் பகுதியை இரு கோபுரங்களுக்கு இடையே செங்குத்தாகத் தூக்கலாம் என்ற அவருடைய யோசனை முதலில் துலூத் நகரத்துக்காகப் பிறந்தது. அங்கே அனுமதி கிடைக்கவில்லை. 1894இல் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் அதைக் கட்டிக் காட்டினார். இங்கே வில்லாமெட்டிலேயே சற்றுத் தெற்கே 1910இல் ஹாதோர்ன் பாலம் எழுந்தது. இன்றும் இயங்குகிற செங்குத்துத் தூக்குப் பாலங்களில் அமெரிக்காவின் மூத்தது அதுதான். அதற்கு இரண்டு ஆண்டு இளையது ஸ்டீல் பிரிட்ஜ். முதல் பாலத்தில் நிரூபித்ததை இரண்டாவதில் அப்படியே திரும்பச் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அதோடு நிற்கவில்லை. பொறியியலில் துணிச்சல் என்று நான் மதிப்பது இதைத்தான்.

ஆற்றோர நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர், இழுவைப் படகுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம். நாங்கள் பாலத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார். வடக்கே ஒரு படகு பெரிய பார்ஜைத் தள்ளிக்கொண்டு வந்தது. நீளமாக ஒரு சங்கொலி, உடனே குட்டையாக ஒன்று. "திறக்கச் சொல்லிக் கேட்கிறான்" என்றார். பாலத்திலிருந்தும் அதே நீளமும் குட்டையும் திரும்பி வந்தன. அப்படியென்றால் திறக்கிறோம் என்று அர்த்தம். திறக்க முடியாவிட்டால் குட்டைக் குட்டையாக ஐந்து. இப்போது பெரும்பாலும் ரேடியோவிலேயே பேசிக்கொள்கிறார்களாம். ஆனாலும் சங்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது, இந்தப் படகோட்டி பழைய பழக்கத்தை விடாதவர் என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

மணி அடித்தது. கீழ்த்தள நடைபாதையின் இரு முனையிலும் தடுப்பு இறங்கியது. சைக்கிளில் வந்தவர்கள் ஒரு காலை ஊன்றி நின்றார்கள். பிறகு, தண்டவாளம் நடைபாதை எல்லாவற்றோடும் கீழ்த்தளம் அப்படியே மேலெழுந்தது. நான் எதிர்பார்த்த கிறீச்சொலியோ அதிர்வோ இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கூர்ந்து பார்த்தேன். கீழ்த்தளத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பங்கள் ஒவ்வொன்றும் மேல்தளத்துச் சட்டகத்தின் செங்குத்துத் தூண்களுக்கு உள்ளே ஏறி மறைந்துகொண்டிருந்தன. ரயிலின் பாரத்தைத் தாங்குகிற கம்பம், சாலையின் பாரத்தைத் தாங்குகிற தூணுக்குள்ளேயே இடம்பிடித்துக்கொள்கிறது. கீழ்த்தளம் மேல்தளத்தின் அடிவயிற்றை ஒட்டிப் போய் நின்ற அதே நேரத்தில், மேலே ஒரு நகர ரயில் எதுவுமே நடவாததுபோலப் பாலத்தைக் கடந்துபோனது. அதில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறவருக்குத் தன் காலடியில் ஒரு ரயில் பாதை எழுந்து நிற்பது தெரியாது.

"நான் இதுவரைக்கும் இதை கவனிச்சதே இல்ல அத்தை" என்றான் அண்ணன் மகன்.

கணக்கைச் சொல்கிறேன். தூக்கும் பகுதியின் நீளம் 64 மீட்டர். ஆற்றில் நீர் குறைவாக உள்ளபோது கீழ்த்தளத்துக்கும் நீருக்கும் இடைவெளி சுமார் 8 மீட்டர். கீழ்த்தளத்தை மட்டும் தூக்கினால் அது 22 மீட்டராகிறது. பெரும்பாலான படகுகளுக்கு இது போதும். இரண்டு தளத்தையும் தூக்கினால் 50 மீட்டர். கோபுரங்களில் தொங்கும் எதிர்ப்பாரங்கள் மேல்தளத்துக்கு இரண்டு, கீழ்த்தளத்துக்கு எட்டு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,100 டன். தோட்டத்துக் கிணற்று ஏற்றத்தில் மரத்தின் பின்முனையில் கல்லைக் கட்டினால் நீர் நிறைந்த சாலும் லேசாக மேலே வந்துவிடுமே, இங்கே கோபுரத்துக்குக் கோபுரம் நடப்பதும் அதுவேதான். பாலத்தின் எடையை எதிர்ப்பாரம் சுமந்துகொள்கிறது. மோட்டார் வெல்ல வேண்டியது உராய்வையும் காற்றையும் மட்டுமே. இரண்டு தளம் தனித்தனியே எழும்ப வேண்டும் என்பதால் இரண்டு தனித்தனிச் சமநிலைகளை ஒரே கோபுரத்துக்குள் அமைத்திருக்கிறார்கள். இந்த வகையில் உலகில் வேறு பாலம் இல்லை என்கிறார்கள்.

இயந்திர அறை மேல்தளச் சட்டகத்தின் உச்சியில் இருக்கிறது. அதற்குக் கீழே தொங்குகிற சிறு அறையில் பாலத்தை இயக்குபவர் உட்கார்ந்திருக்கிறார். சாலையும் ஆறும் ஒருசேரத் தெரிகிற இடம் அது. மேல்தளம் எழும்பும்போது அவரும் அதோடு மேலே போகிறார். அது எப்போதாவதுதான் நடக்கும். ஜூன் மாதத்து ரோஸ் திருவிழாவுக்குக் கடற்படைக் கப்பல்கள் வந்து ஊர் மையத்துக் கரையில் நங்கூரமிடும். அப்போது இரண்டு தளமும் கோபுர உச்சிக்கு ஏறுமாம். அந்த நாளில் ரயில் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட கதையை அண்ணன் மகன் கை கால் ஆட்டிச் சொன்னான்.

மேல்தளத்தின் வரலாறும் சும்மா இல்லை. 1948 வரை அதில் தெருவண்டி ஓடியது. பிறகு காருக்கு இடம் வேண்டுமென்று ஊர் அதை நிறுத்தியது. 38 ஆண்டு கழித்து, 1986இல், மேக்ஸ் என்னும் நகர ரயிலோடு தண்டவாளம் அதே தளத்துக்குத் திரும்பி வந்தது. இன்று நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் என நான்கு தடங்கள் இந்த ஒரே பாலத்தைக் கடந்துதான் ஆற்றைத் தாண்ட வேண்டும். இங்கே ஒன்று பழுதானால் ஊரின் ரயில் போக்குவரத்தே தடுமாறிப்போகும். ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டலாமா என்று போக்குவரத்து அமைப்பான டிரைமெட் ஆராய்ந்ததற்குக் காரணம் அதுதான். இத்தனை பேர் நம்பியிருக்கும் பாலத்தின் சொந்தக்காரர் யார் தெரியுமா? யூனியன் பசிபிக் என்னும் தனியார் ரயில் நிறுவனம். மேல்தளத்தை மாநிலப் போக்குவரத்துத் துறை அவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, டிரைமெட்டுக்கு உள்குத்தகைக்கு விட்டிருக்கிறது. அணுகு சாலைகள் நகராட்சியின் பொறுப்பு. காகிதத்தில் பார்த்தால் குழப்பம். ஆனால் இத்தனை கை சேர்ந்து இழுத்தும் நூறாண்டு தாண்டி அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பாலத்தின் வயதோடு ஒப்பிட்டால் நேற்று முளைத்தது. கீழ்த்தளத்தின் தெற்கு ஓரத்தில், வெளியே நீட்டிப் பொருத்திய 2.4 மீட்டர் அகல நடைபாதை. 2001இல் வந்தது. அதுவரை நடப்பவர்கள் மேல்தளத்தில் வாகன இரைச்சலோடு போக வேண்டியிருந்தது. இப்போது ஆற்று மட்டத்திலேயே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகலாம். கிழக்கு முனையில் அது ஈஸ்ட்பேங்க் எஸ்பிளனேட் என்னும் கரையோரப் பாதையில் சேர்கிறது. அந்தப் பாதையின் ஒரு பகுதி தண்ணீரிலேயே மிதக்கிறது. கடல் வெகுதூரத்தில் இருந்தாலும் ஓதம் இதுவரை எட்டிப் பார்க்கும். அதற்கேற்ப நடைபாதையும் ஏறி இறங்கும். பாதைக்கு வீரா காட்ஸ் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 1933இல் ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதக் குடும்பத்துப் பெண். 1993 முதல் 2005 வரை இந்த ஊரின் மேயர். 1996 பிப்ரவரி வெள்ளத்தில் ஆறு கரைச்சுவரின் விளிம்பைத் தொட வந்தபோது, பொதுமக்கள் திரண்டு பலகையும் மணல் மூட்டையுமாகச் சுவரை உயர்த்தியது அவர் காலத்தில்தான். பாதையோரம் அவருடைய வெண்கலச் சிலை உட்கார்ந்திருக்கிறது. அதன் மடியில் யாரோ அன்று காலை ரோஜா வைத்திருந்தார்கள்.

மேற்கு முனையில் இறங்கினால் டாம் மெக்கால் பூங்கா. ஆற்றங்கரையை முழுக்க அடைத்திருந்த நான்குவழிச் சாலையை 1974இல் மூடி, பெயர்த்தெடுத்து, மக்களுக்குப் பூங்காவாகக் கொடுத்தார்கள். அதன் வடகோடியில், பாலத்தின் நிழல் எட்டும் தூரத்தில், செர்ரி மரங்களுக்கு நடுவே கருங்கற்கள் நிற்கின்றன. 1990இல் திறந்த ஜப்பானிய அமெரிக்க வரலாற்றுச் சதுக்கம். இந்தப் பகுதியில்தான் ஜப்பானியர் குடியிருப்பு இருந்தது. மேற்கு மாநிலங்களின் ரயில் பாதைகளில் தண்டவாளம் போட்டவர்களிலும் பழுது பார்த்தவர்களிலும் ஜப்பானியக் குடியேறிகள் பலர். 1942இல் அரசாணை ஒன்றால் மேற்குக் கடற்கரை ஜப்பானிய வம்சாவளியினரை வேரோடு பிடுங்கி முகாம்களில் அடைத்தார்கள். போர்ட்லாண்டில் அவர்களை முதலில் தங்கவைத்தது கால்நடைக் கண்காட்சிக் கொட்டகையில். ஒரு கல்லில் முகாம்களின் பெயர்கள். மற்றவற்றில் சின்னஞ்சிறு கவிதைகள். மழையில் நனைந்திருந்த அந்தக் கல்லின் எழுத்துப் பள்ளங்களில் செர்ரி இலைச் சருகு ஒன்று ஒட்டியிருந்தது. அண்ணன் மகன் அதை விரலால் எடுத்துவிட்டு, பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தான்.

கிழக்கு முனையின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. ஆல்பைனா ஒரு காலத்தில் தனி ஊர். ரயில் பணிமனையை நம்பிப் பிழைத்த ஊர். 1948 மே 30இல் கொலம்பியா ஆற்று வெள்ளம் வான்போர்ட் குடியிருப்பை அழித்தபோது, வீடிழந்த கறுப்பினக் குடும்பங்களில் பல இங்கே வந்து சேர்ந்தன. பின்னர் மெமோரியல் கொலிசியம் அரங்குக்காகவும் நெடுஞ்சாலைக்காகவும் மருத்துவமனை விரிவாக்கத்துக்காகவும் அதே மக்களின் நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். இன்று பாலத்தை விட்டிறங்கும் நகர ரயில் அரங்குகளுக்கும் சாலை மேம்பாலச் சிக்கலுக்கும் நடுவே போகிறது. ஒரு படகுக்காகச் சாலைக்காரர்கள் நிற்கக் கூடாது என்று இவ்வளவு நுட்பமாக யோசித்த ஊர், இந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த நுட்பத்தில் ஒரு துளியும் காட்டவில்லை. பாலத்தின் இரண்டு முனைகளையும் பார்க்காமல் பாலத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. இந்தக் கடற்கரைக்கு அப்பால் கடலடியில் பெரும் நிலப்பிளவு படுத்திருக்கிறது. 1700 ஜனவரி 26 இரவு அது அசைந்ததில் எழுந்த ஆழிப்பேரலை ஜப்பான் கரை வரை போய்ச் சேர்ந்தது. அங்கே எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டுதான் நாளையே கண்டுபிடித்தார்கள். மீண்டும் அசையும் என்பதில் அறிவியலாளர்களுக்கு ஐயமில்லை. அடுத்த பாலமான பர்ன்சைடை நிலநடுக்கம் தாங்கும்படி புதிதாகக் கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். 1912இன் தூண்களோ இதையெல்லாம் அறியாத காலத்தவை. ஸ்டீல் பிரிட்ஜுக்கும் அந்தக் கவனம் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மாலையில் அண்ணன் மகன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். நான் மட்டும் கிழக்குக் கரை முனையில் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். நீரோட்டத்தோடு வடக்கே வந்த ஒரு இழுவைப் படகு நீளமும் குட்டையுமாகச் சங்கு ஊதியது. பாலத்திலிருந்து குட்டைக் குட்டையாக ஐந்து. சொல்லிவைத்தாற்போலச் சரக்கு ரயில் வளைவில் தலைகாட்டியது. படகு வேகத்தைக் குறைத்து, ஆற்றின் நடுவே எஞ்சினைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. கன்டெய்னர்கள், மரப்பலகை ஏற்றிய பெட்டிகள், எண்ணெய்த் தொட்டிகள். நடைபாதையின் கைப்பிடி என் உள்ளங்கையில் அதிர்ந்தது. கடைசிப் பெட்டி மேற்குக் கரை வளைவில் மறைந்ததும் மணி அடித்தது, தடுப்பு இறங்கியது. பாலம் நீளமாக ஒரு முறை, குட்டையாக ஒரு முறை ஊதிப் படகைக் கூப்பிட்டது.